ஒன்றரைக் கட்டை கீழே

மலையேறும் முன்பே என் பனங்கற்கண்டுத் தண்ணீரைப் பறிகொடுத்தேன். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்பது ஊரறிந்த விஷயம். பதினோரு வருடமாகக் கோவையிலிருந்து கச்சேரிக்கு மலையேறுகிற எனக்குத் தெரியாதா? ஆனால் அன்று காலை மனம் ஒரு நிலையில் இல்லை. மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சியதைப் பிளாஸ்க்கில் ஊற்றாமல், கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன். சோதனைச் சாவடியில் நின்ற பெண் எட்டிப் பார்த்து, "அதைக் குடுத்துருங்க சார்" என்றார். "தொண்டைக்குங்க, பாடுறவன்" என்றேன். "அப்ப குடிச்சிட்டு பாட்டிலைக் குடுங்க" என்றார். ஒரு லிட்டரையும் நின்ற இடத்தில் குடித்தேன். குன்னூர் போய்ச் சேர்வதற்குள் எனக்காக வண்டியை மூன்று முறை நிறுத்த வேண்டியதாயிற்று.

மனம் ஏன் நிலையில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வாரநாட்களில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சனி ஞாயிறில் எங்கள் மெல்லிசைக் குழுவின் ஆண் குரல். எல்லாம் சினிமாப் பாட்டுதான், எங்களுடையது என்று சொந்தமாக ஒரு பாட்டு கிடையாது. காதுகுத்து, மணிவிழா, கோயில் நோன்பி, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். குழுவை நடத்துகிறவர் சண்முகம். எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார், கீபோர்டு வாசிப்பார். பெண் குரல் கலாமணி, பள்ளிக்கூட டீச்சர். ரிதம் பேடு தட்டுவது பழனி. வேனும் அவனுடையதுதான். வாரநாட்களில் அதில் முட்டை லோடு போகும். எவ்வளவு கழுவினாலும் அந்த வாசம் போகாது, எங்கள் மேடைச் சட்டையிலும் கொஞ்சம் இருக்கும். கிடார் வாசிக்க ஆளில்லை. பேஸ் முதல் புல்லாங்குழல் வரை எல்லாம் சண்முகத்தின் பத்து விரல்கள்தான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு எல்லோரும் லீவு போட்டிருந்தோம். விடியற்காலையில் நான் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தபோது சண்முகம் போன் செய்தார்.

"ஏனுங்க ராஜேந்திரன், மேல நம்ம கூட இன்னொருத்தர் சேந்துக்குவாருங்க. செல்லையான்னு பேரு. நெல்லியாளம் பக்கத்துல டீ பேக்டரில வேலை. போன்ல ஒரு வீடியோ வந்துச்சு, நல்ல குரலுங்க. மூணு புரோகிராமுக்கும் ரெண்டு பேரும் பாடுங்க. அடுத்த மாசத்துல இருந்து மெயின் வாய்ஸ் ஒருத்தர் இருந்தாப் போதும்னு நெனைக்கிறனுங்க."

அந்த ஒருத்தர் யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதினோரு வருடம் முதல் மைக்கில் நின்றவன் எதற்குக் கேட்க வேண்டும்? வேனில் ஏறிய பிறகும், சாவடி வரைக்கும் சன்னல் வழியே தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் தோளில் ஒரு ரெக்ஸின் பையோடு செல்லையா நின்றிருந்தார். வாலிபப் பையன் ஒருவனை எதிர்பார்த்திருந்தேன். அப்படி இருந்திருந்தால், இளரத்தம், பாடட்டும் என்று பெருந்தன்மையாக இருந்திருக்கலாம். இவருக்கு வயது ஐம்பத்தொன்று. என்னைவிட நாலு வயது மூத்தவர். பாதித் தலை நரைத்திருந்தது. வேனில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வணக்கம்ண்ணே" என்றார். மூத்தவர் ஒருவர் நம்மை அண்ணே என்று அழைத்தால் என்ன செய்வது? நானும் "வாங்கண்ணே" என்றேன். அதற்குப் பிறகு மூன்று நாளும் இருவரும் ஒருவரையொருவர் அண்ணே என்றே அழைத்துக்கொண்டோம். பழனிக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது.

குன்னூரில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் மணிவிழா. தம்பதி மாலையோடு உட்கார்ந்திருக்க, விருந்தினர்கள் வட்ட மேசைகளில் மதியச் சாப்பாட்டில் இருந்தார்கள். சாப்பிடுகிறவர்களுக்குப் பாடி எனக்குப் பழக்கம். அவர்கள் கேட்டுக்கொண்டும் இருப்பார்கள், ரசத்துக்குக் கையும் நீட்டுவார்கள். நான் நாலு பாட்டுப் பாடினேன். ஐந்தாவதைச் செல்லையா பாடினார். எண்பதுகளில் வந்த ஒரு சோகப் பாட்டு. பல்லவி முடிவதற்குள் மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு அப்படியே நின்றார். குரல் உயரத்துக்குப் போகிற இடத்தில் என்னைப் போன்றவர்கள் கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, எம்பித்தான் பிடிப்போம். அவர் பக்கத்து வீட்டுக்குப் போவது போலப் போய்விட்டு வந்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை இருந்தால் எழுதியிருப்பேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா நேராக என்னிடம் வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். போனை என் கையில் கொடுத்து, "அந்தப் பாடகர் கூட நாங்க நாலு பேரும் நிக்கிறோம், கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஒன்றில் செல்லையாவின் தலையை வேண்டுமென்றே பாதி வெட்டி எடுத்தேன். அவர்கள் பார்த்துவிட்டு, இன்னொன்று எடுக்கச் சொன்னார்கள்.

எனக்கு அன்று மிச்சமிருந்தது ஒரே ஒரு பெருமை. நான் எல்லாப் பாட்டையும் படத்தில் உள்ள அதே சுருதியில் பாடுகிறவன். மற்ற குழுக்களில், நாற்பத்தைந்து தாண்டிய பாடகர்களுக்குச் சத்தமில்லாமல் சுருதியை இறக்கி வாசிப்பார்கள். கீபோர்டில் அதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால், வாசிக்கிறவர் விரல் வைக்கிற இடம் மாறாது, ஒலி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். சின்னத் திரையில் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று எண் வரும். எண்ணுக்கு அரைக் கட்டை. எனக்கு அந்தப் பட்டன் தேவைப்பட்டதில்லை. ஒவ்வொரு மேடையிலும் பாடுமுன் சண்முகத்திடம், "ஒரிஜினல்தானுங்களே?" என்பேன். "ஒரிஜினல்தானுங்க" என்பார். சொந்தக்காரர்கள், ஆபீஸ்காரர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்று எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

ஊட்டிக்குப் போகிற வழியில் செல்லையாவிடம், "நீங்க என்ன சுருதில பாடுறீங்கண்ணே?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுண்ணே. சண்முகம் சார் வாசிச்சாரு, பாடுனேன்" என்றார். எனக்கு ஒரு சந்தேகம் பிறந்தது. சந்தேகம் பிறந்ததும் மனம் கொஞ்சம் லேசானது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை ஊட்டியில் டீயும் மொறுமொறு வர்க்கியும். கோவையிலும் வர்க்கி கிடைக்கும், ஆனால் அது பிரயாணம் செய்து களைத்த வர்க்கி. இங்கே அது வாயில் வைத்ததும் உதிர்கிறது. நான் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருக்க, செல்லையா குழாய்த் தண்ணீரைப் பிடித்து மடமடவென்று குடித்தார். அந்தக் குளிரில் அதைத் தொட்டாலே விரல் மரத்துப்போகும். "தொண்டை கட்டிக்காதுங்களா?" என்று கலாமணி கேட்டார். "கட்டுனதில்லீங்க டீச்சர்" என்றார் அவர். என் பையில் இரண்டு வகை லேகியம், அதிமதுரம், ஆவி பிடிக்க ஒரு சின்ன கருவி எல்லாம் இருந்தன. பையை மூடி வைத்தேன்.

கூடலூர் இறக்கத்தில் மூடுபனி. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பழனி முதல் கியரிலேயே இறக்கினான், ஆனாலும் பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தது. ஒரு வளைவில் நிறுத்தி, சக்கரம் ஆறட்டும் என்று அரை மணி நேரம் நின்றோம். அதற்குள் ஒரு குரங்கு சன்னல் வழியே கையை விட்டு, கலாமணியின் வர்க்கிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் சுவரில் உட்கார்ந்து எங்கள் முன்னாலேயே பிரித்தது.

தேவாலாவில் ஒரு டீக்கடை. கடைக்காரர் மலையாளத்தில் பக்கத்து ஆளிடம், "வீடியோவில் மெஷின் சத்தத்துக்கு மேலே பாடினாரே, அவர்தான் இவர்" என்று சொன்னது எனக்குப் புரிந்தது. என்னைச் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. எல்லோருக்கும் ஒரு பழம்பொரி வந்தது, நேந்திரம்பழ பஜ்ஜி. செல்லையாவுக்கு இரண்டு. அவர் இரண்டாவதைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் வைத்தார். அதைச் சாப்பிட எனக்குக் கஷ்டமாக இருந்தது. சூடாக இருந்ததால் சாப்பிட்டேன்.

அன்றைய கச்சேரி செல்லையா வேலை பார்க்கும் எஸ்டேட்டில், மாரியம்மன் கோயில் திருவிழா. இருட்டினால் யானை வரும் என்பதால் அந்தப் பக்கத்தில் கச்சேரி பகலில்தான். மத்தியானம் இரண்டுக்கு ஆரம்பித்து வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பேக்டரிக்குப் பக்கத்து மைதானத்தில் மேடை. சுற்றிலும் தேயிலைச் சரிவு. கூட்டம் மேட்டிலும் பள்ளத்திலுமாக உட்கார்ந்திருந்தது. பாதிப் பேர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். செல்லையாவின் குடும்பமும் அப்படி வந்ததுதான். வயதானவர்கள் டீயைத் தேத்தண்ணி என்கிறார்கள், வீட்டு வரிசையை லயம் என்கிறார்கள்.

அவர் மேடையேறியபோது விசில் பறந்தது. நான் ஏறியபோதும் கை தட்டினார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்தவருக்குத் தருகிற மரியாதையான கைதட்டல் அது, வித்தியாசம் எனக்குத் தெரியும். இடைவேளைக்கு முன் கடைசிப் பாட்டும் அவருடையதுதான். அதை இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டார்கள். பாடினார். என்னை யாரும் இன்னொரு முறை கேட்டதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியாகக் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். உடனே நினைவுக்கு வரவில்லை.

நாலு மணிக்கு இடைவேளை. எல்லோரும் தேத்தண்ணி குடிக்க இறங்கினார்கள். நான் என் பாட்டு நோட்டை எடுக்க மேடைக்குத் திரும்பினேன். நோட்டு கீபோர்டு மேல் இருந்தது. அதை எடுக்கும்போது திரையில் அந்த எண் தெரிந்தது. மைனஸ் மூன்று.

கடைசியாகப் பாடியது செல்லையா. பாட்டு லிஸ்ட்டின்படி இடைவேளை முடிந்து முதலில் பாடப்போவதும் செல்லையா. ஒன்றரைக் கட்டை இறக்கித்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமா? பக்கத்து வீட்டுக்குப் போவது போல என்றேனே, பக்கத்து வீட்டைத்தான் வாசலுக்கே இழுத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். பட்டனை மூன்று முறை அமுக்கினேன். பூஜ்யம் வந்தது. ஒரிஜினலில் பாடிக் காட்டட்டும், அவருடைய சொந்த ஜனங்கள் முன்னாலேயே பாடிக் காட்டட்டும் என்று நினைத்தேன். இறங்கி வந்து, கொடுத்த சுண்டலை ரசித்துச் சாப்பிட்டேன்.

எல்லோரும் மேடைக்குத் திரும்பியதும் சண்முகம் மைக்கில், "விழாக் கமிட்டிக்காரங்க ஆசைப்பட்டபடி, இப்ப நம்ம ராஜேந்திரன் பாடுவாருங்க" என்று அறிவித்தார். என்னைப் பார்த்துத் தணிந்த குரலில், "டீ குடிக்கப் போறதுக்கு முன்னாலயே மாத்திட்டனுங்க. உங்களுக்குப் பிடிச்ச பாட்டுத்தான்" என்றார். எதை மாற்றினார் என்று நான் கேட்கவில்லை. பாட்டு வரிசையை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

முன்னிசை ஆரம்பித்தபோது பாட்டு கொஞ்சம் பளிச்சென்று இருந்தது. மலைக் காற்று என்று நினைத்தேன். பல்லவி பாடினேன், முடிந்தது. ஆனால் நான் வழக்கமாக மூச்சு வாங்கும் இடத்துக்கு முன்னாலேயே மூச்சு தீர்ந்தது. சரணத்தில் ஒரு வரி உண்டு. மேலே ஏறி, அங்கேயே நாலு தாளம் நிற்க வேண்டும். எத்தனையோ மேடையில் நின்றிருக்கிறேன். ஏறினேன். குரல் உடைந்தது. கமறல் இல்லை, பிசிறு இல்லை, சுத்தமாக உடைந்து ஒரு கீச்சுச் சத்தம் ஸ்பீக்கர் வழியாக அந்தச் சரிவு முழுக்கப் போனது. முன் வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்போது அதே வரியை யாரோ பாடினார்கள். செல்லையா இன்னொரு மைக்கை எடுத்து, நான் விட்ட இடத்திலிருந்து, அதே உயரத்தில், நாலு தாளமும் நின்று பாடினார். என் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டம் ஆரவாரித்தது. இருவரும் சேர்ந்து பாட ஏற்பாடு என்றே பலர் நினைத்திருப்பார்கள்.

சண்முகம் குனிந்து திரையைப் பார்த்தார். இடையிசை போய்க்கொண்டிருக்கும்போதே இடது கையை எடுத்துப் பட்டனை மூன்று முறை தட்டினார். மூன்று தட்டில் பாட்டு மூன்று படி கீழே இறங்கியது. மேடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். பிறகு நிமிர்ந்து, இரண்டாவது சரணத்துக்கு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதைச் சௌகரியமாகப் பாடி முடித்தேன். எத்தனையோ மேடையில் பாடிய அதே சௌகரியம்.

வெளிச்சம் மங்குவதற்குள் கச்சேரி முடிந்தது. சாமான்களைக் கட்டும்போது சண்முகம் பக்கத்தில் வந்தார். "மன்னிச்சுக்கோங்க ராஜேந்திரன். பட்டனை நாந்தான் சரியாப் பாக்காம விட்டுட்டனுங்க" என்றார். அமுக்கியது நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் வேறொன்றைக் கேட்டேன்.

"எத்தன நாளா இந்த மைனஸ் மூணு?"

அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "நாலு வருசம் இருக்குமுங்க. மொதல்ல ஒண்ணுதான் எறக்குனேன். அப்புறம் மெதுவா..." என்றார்.

"டூயட்டுக்குமா?" என்று கலாமணியைப் பார்த்துக் கேட்டேன்.

"ஆமாங்கண்ணா" என்றார் அவர், கைப்பையின் ஜிப்பை இழுத்தபடி.

ஒன்றரைக் கட்டை இறங்கினால் பெண் குரலுக்குக் கீழே பிடிமானம் இருக்காது, வெறும் காற்றுத்தான் வரும். டூயட்டில் உங்கள் குரல் ஏன் அமுங்குகிறது, நன்றாகத் திறந்து பாடுங்கள் என்று இந்த நாலு வருடத்தில் எத்தனையோ முறை அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். அவரும் "சரிங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பழனி இந்தப் பக்கம் திரும்பாமல் வேனுக்குள் ஸ்டாண்டை அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

செல்லையாவின் லயத்து வீட்டில் தங்கினோம். விடியும்போதே அவர் மனைவி தேங்காய் போட்டுத் தடிமனாக ரொட்டி சுட்டு, இடித்த மிளகாய்ச் சம்பலோடு வைத்தார். என்னிடம் மட்டும், "ஒங்களுக்குத் தொண்டை சரியில்லன்னு சொன்னாங்க, சம்பல் கொறச்சு வைக்கவா?" என்று கேட்டார். உறைக்கும் என்று தெரிந்தே இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டேன். அந்த ரொட்டிக்கு நிகராக எங்கள் ஊரில் எதுவும் இல்லை. அந்த வீட்டில் நன்றாக இருந்த ஒவ்வொன்றும் அன்று என்னைக் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பிக்கட்டியில் கடைசி நிகழ்ச்சி, காய்கறி விவசாயிகள் சங்கத்தின் ஆண்டு விழா. ஊட்டி போய், அங்கிருந்து எமரால்டு வழியாகப் போக வேண்டும். எமரால்டு தாண்டியதும் பின் டயர் பஞ்சரானது. ஸ்டெப்னியைக் கழற்றப் போனால் நட்டு துருப்பிடித்திருந்தது. சண்முகமும் பழனியும் அதோடு மல்லுக்கு நின்றார்கள், கலாமணி வண்டிக்கு அடியில் போன் வெளிச்சம் காட்டினார். செல்லையாவும் நானும் ரோட்டோரமாக நடந்தோம். ஒரு பக்கம் அணைத் தண்ணீர், மறுபக்கம் கேரட் வயல். கேரட்டைக் கழுவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துப் படுகு மொழியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்றேன். "டயரை விட அந்த வெள்ளைச் சட்டைக்காரர் மூஞ்சிதான் காத்து எறங்கிக் கெடக்குதாம்" என்றார் செல்லையா. வெள்ளைச் சட்டை நான்.

அங்கே வைத்துச் சொல்லிவிட்டேன். "அண்ணே, நேத்து அந்தப் பட்டனை அமுக்குனது நான்தான்."

"தெரியும்ண்ணே" என்றார்.

நான் நின்றுவிட்டேன்.

"படுதா ஓரமா தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு நின்னேன். எந்தப் பட்டன், என்ன பட்டன்னு எனக்குத் தெரியாது. நீங்க சுத்திப் பாத்துட்டு அமத்துனது தெரிஞ்சிச்சு. சரி, நமக்கு என்னமோ வச்சிருக்காருன்னு தயாராத்தான் மேடைக்கு வந்தேன். கடைசில உங்களுக்கே வெடிச்சிருச்சு."

"அப்புறம் எதுக்கு எனக்குக் கை குடுத்தீங்க?"

"உங்களுக்கு எங்க குடுத்தேன். அந்தப் பாட்டு எங்க ஆளுகளுக்கு உசிரு. அது பாதியில விழுந்து கெடந்தா என்னால தாங்க முடியாது. அதான் தூக்குனேன்."

எனக்கு அது பிடித்திருந்தது. என் மேல் இரக்கப்பட்டுப் பாடினேன் என்று சொல்லியிருந்தால் அங்கேயே வெறுத்திருப்பேன்.

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களேண்ணே? நேத்து சாமான் கட்டும்போது நீங்க பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நாலு வருசமா உங்களுக்குத் தெரியாமலே எறக்கி வாசிச்சிருக்காங்க. அந்த டீச்சரம்மா தன் குரலக் கெடுத்துக்கிட்டுப் பாடியிருக்கு. ஒருத்தர் வாயத் தொறக்கல. வீட்டுக்குப் போய்ப் படுத்தா எனக்குத் தூக்கமே வரல. ஒரே வயித்தெரிச்சல்."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான். முப்பது வருசமா பேக்டரில இலை நசுக்குற ரோலர் ரூம்ல நிக்கிறேன். மேலுக்கு முடியலன்னா எனக்காக மெஷினை யாரு மெதுவா ஓட்டுவா? லீவு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போன்னுதான் சொல்வாங்க. உங்களுக்கு நாலு பேரு இருக்காங்கண்ணே."

நட்டு கழன்றுவிட்டது என்று பழனி ஹாரன் அடித்தான். திரும்பி நடந்தோம். அந்த மனிதரின் தொண்டையைப் பார்த்து மூன்று நாளாக நான் வெந்துகொண்டிருக்க, அவர் எங்கள் வேனில் இருந்தவர்களைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறார்.

பிக்கட்டியில் சாப்பாட்டுக்குக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும். கோவையில் நாங்கள் உருளைக்கிழங்கு என்று சாப்பிடுவது வேறு ஏதோ கிழங்கு என்று அன்றுதான் தெரிந்தது. சண்முகம் தனியாகக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போனேன். பட்டன் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஈரக் கையை உதறிவிட்டு, "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சனுங்க" என்றார்.

"மெயின் வாய்ஸ் செல்லையாவே இருக்கட்டுங்க. எனக்கு ஒண்ணு ரெண்டு பாட்டு குடுத்தாப் போதும்" என்றேன்.

"சரிங்க" என்றார்.

ஒரு தடவையாவது, அதெல்லாம் எதற்கு, நீங்கள் இருக்கும்போது இன்னொருவரா என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நாலு வருடம் எனக்காகப் பொய் சொன்னவர் அன்று பொய் சொல்லவில்லை. வலித்தது. வலிக்கவில்லை என்றால் நான் பாடகனே இல்லை.

மேடையில் முதல் மைக்கைச் செல்லையாவுக்கு விட்டு, பக்கத்து மைக்கில் நின்றேன். அவர் ஆறு பாட்டுப் பாடினார். என்னுடைய பாட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இரண்டையும் சண்முகம் அவருக்கே கொடுத்தார். ஒரிஜினல் சுருதியில் அவை எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். பொறாமை அப்போதும் போகவில்லை, இதை எழுதுகிற இன்றும் இருக்கிறது. ஆனால் கேட்கக் கேட்க, பாட்டு முடிந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

ஏழாவது பாட்டு எனக்கும் கலாமணிக்கும், டூயட். வெளியே மூடுபனி இறங்கி, ஹாலின் கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். ஆண்கள் மப்ளரோடும் பெண்கள் சால்வையோடும் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக நான் சண்முகத்தைப் பார்த்து "ஒரிஜினல்தானுங்களே" என்று கேட்கும் இடம் அது. கலாமணியும் பழனியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக் திறந்திருக்கிறது, ஹால் முழுக்கக் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"எனக்கு மைனஸ் மூணு போட்டுக்கோங்க."

சண்முகம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாலு போட்டிருக்கனுங்க" என்றார். "இங்க குளிரு ஜாஸ்தி."